.308 கேஸின் அடியில் பளபளக்கும் கோடு: ரீசைஸ் டையை எவ்வளவு இறக்குவது?

#1 டெக்சாஸ்காரன்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். மான் சீசனுக்கும், வார இறுதியில் ரேஞ்சில் சுடுவதற்கும் அதுதான். ஒரே லாட்டில் வாங்கிய பித்தளைக் கேஸ்களையே (தோட்டாவின் உறை) திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடுகிறேன். வெடிமருந்து எப்போதும் கையேட்டில் இருக்கும் நடுத்தர அளவுதான், உச்ச அளவுப் பக்கமே போவதில்லை.

இந்த முறை கேஸ்களைக் கழுவிக் காயவைத்துப் பார்த்தால், பலவற்றில் அடிவிளிம்புக்குக் கொஞ்சம் மேலே சுற்றிலும் பளிச்சென்று ஒரு கோடு ஓடுகிறது. வெளியே நகத்தால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. சுட்டு விரிந்த கேஸைத் திரும்பச் சுருக்க, உடல் முழுவதையும் அழுத்தும் ஃபுல் லெங்த் டைதான் (அச்சு) பயன்படுத்துகிறேன். டையோடு வந்த தாளில் சொன்னபடி, பிரஸ்ஸில் கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரை மேலே ஏற்றி, அதைத் தொடும் வரை டையை இறக்கி, அதற்கு மேல் கால் சுற்று கூடுதலாகத் திருகியிருக்கிறேன்.

இந்தக் கோடு ஆபத்தானதா? ரேஞ்சில் ஒருவர் "கழுத்தை மட்டும் சுருக்கும் நெக் சைஸிங் டைக்கு மாறிவிடு, பிரச்சினையே வராது" என்கிறார். அது சரியா?

#2 பட்டறை அண்ணாச்சி

தம்பி, மற்ற பேச்செல்லாம் அப்புறம். முதலில் அந்த கேஸ் ஒன்றிலும் மருந்து போடாதே, எல்லாவற்றையும் தனியாக எடுத்து வை.

ஒரு பேப்பர் கிளிப்பை நேராக்கி, நுனியில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் செங்கோணத்தில் மடக்கு. அந்த நுனியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கிக்கொள். கேஸின் வாய் வழியாக உள்ளே விட்டு அடி வரை கொண்டுபோய், சுவரோடு அழுத்தியபடி மெதுவாக மேலே இழு. நல்ல கேஸில் தடித்த அடிப்பகுதியிலிருந்து மெல்லிய சுவருக்கு வழவழவென்று ஏறி வரும். கெட்டுப்போன கேஸில், நீ வெளியே பார்க்கிற கோட்டுக்கு நேராக உள்ளே ஒரு பள்ளம் இருக்கும், கம்பி நுனி அதில் டக்கென்று மாட்டும். கை உடனே கண்டுபிடித்துவிடும்.

வெளியே கோடு தெரிகிற எல்லா கேஸும் கெட்டதில்லை. டையின் வாய் அழுத்தி நின்ற இடத்திலும் அப்படி ஒரு வரை விழும், அதனால் கெடுதல் இல்லை. உள்ளே பள்ளம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பள்ளம் இருந்தால் அடுத்த வெடியிலோ அதற்கடுத்த வெடியிலோ அடிப்பாகம் தனியாக, உடல் தனியாகப் பிரியும். உடல் சேம்பரிலேயே (குழலில் தோட்டா உட்காரும் அறை) மாட்டிக்கொள்ளும். அதுகூடப் பரவாயில்லை. சூடான வாயு, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் வழியாகப் பின்னால், உன் முகத்துப் பக்கம் வரும். கண்ணாடி போடாமல் ஒருநாளும் சுடாதே.

மாட்டுகிற கேஸைக் குறடால் நசுக்கிவிட்டுப் போடு. நசுக்காமல் வைத்தால் ஒருநாள் நல்ல கேஸோடு கலந்துவிடும்.

#3 டெக்சாஸ்காரன்

நன்றி அண்ணாச்சி. சொன்னபடியே செய்து பார்த்தேன். கோடு இருந்தவற்றில் பெரும்பாலானவற்றில் கம்பி தெளிவாக மாட்டுகிறது. ஒன்றை நீளவாக்கில் அறுத்தும் பார்த்தேன். சுவர் அந்த இடத்தில் மட்டும் உள்பக்கமாகக் குடைந்ததுபோல மெலிந்து, பாதித் தடிமன்கூட இல்லை. எல்லாவற்றையும் நசுக்கிவிட்டேன்.

காரணம் என்ன என்பதுதான் இன்னும் புரியவில்லை. மருந்து அதிகமில்லை. ரைஃபிளைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டினேன். சேம்பரின் நீளத்தைச் சோதிக்கும் இரண்டு அளவுக் கட்டைகளில், கோ கேஜில் போல்ட் மூடுகிறது, நோ-கோ கேஜில் மூடவில்லை, ரைஃபிளில் குறை இல்லை என்றார்.

#4 மிச்சிகன் மலர்

ரைஃபிளில் குறை இல்லை, டையிலும் குறை இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி நீங்கள் இன்னும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

.308-க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634. ஷோல்டரில், அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் சரிவில், ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்து அடிவரை உள்ள நீளம் அது. உங்கள் சேம்பர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. டை செய்கிறவர்களுக்கு உங்கள் சேம்பர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. எந்த ரைஃபிளில் போட்டாலும் நுழைய வேண்டும் என்பதற்காக, டையை முழுவதும் இறக்கினால் ஷோல்டர் மிகச் சிறிய சேம்பருக்கும் பொருந்தும் அளவுக்குப் பின்னால் போகும்படி செய்திருப்பார்கள். தாளில் இருக்கும் "தொட்டு, கால் சுற்று" என்பது அந்த நோக்கத்துக்கு எழுதியது. உங்கள் கேஸின் ஆயுளை மனதில் வைத்து எழுதியதில்லை.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஷோல்டரை அளவுக்கு மீறித் தள்ளிய கேஸ் சேம்பரில் லொடலொடவென்று நிற்கும். ஃபயரிங் பின் குத்தியதும் கேஸ் முன்னால் போய் ஷோல்டரில் இடிக்கும். மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது முன்பாதியின் மெல்லிய சுவர் விரிந்து சேம்பரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பாகம் விரியாது, அதனால் அதற்குப் பிடிப்பில்லை. பின்னால் இருக்கிற காலி இடத்துக்கு, போல்ட் முகம் வரை அது தள்ளப்படும். பிடித்த பகுதிக்கும் தள்ளப்பட்ட பகுதிக்கும் இடையே சுவர் இழுபட்டு நீளும். அறுத்துப் பார்த்தீர்களே, அதே இடம். ஒவ்வொரு முறையும் நீங்கள் ஷோல்டரைத் தள்ள, ஒவ்வொரு முறையும் துப்பாக்கி இழுக்க, சுவர் மெலிந்துகொண்டே வருகிறது. மருந்து குறைவாகப் போட்டாலும் இது நடக்கும்.

கையில் ஒரு கேலிப்பரும், அதில் மாட்டி அடியிலிருந்து ஷோல்டர் வரை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் கம்பேரேட்டரும் வேண்டும். பெரிய செலவில்லை. சுட்ட கேஸில் பழைய பிரைமரை (அடியில் இருக்கும் பற்றவைப்பு மூடி) முதலில் தட்டி எடுத்துவிடுங்கள். அது கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தாலே அளவு பொய்யாகிவிடும். சுட்ட கேஸ் சிலவற்றை அளந்து பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இப்போதைய டை அமைப்பில் ஒன்றை ரீசைஸ் செய்து அளந்து இங்கே எழுதுங்கள்.

கம்பேரேட்டர் காட்டும் எண் கேஜ் எண்ணோடு அப்படியே ஒத்துப்போக வேண்டியதில்லை. சுட்டதற்கும் சைஸ் செய்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

#5 பழைய கை

நான் நெக் சைஸிங் பக்கம்தான். பல வருடமாக .303 பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டுக்கு அப்படித்தான் நிரப்புகிறேன். அந்த ராணுவ ரைஃபிள்களின் சேம்பரைச் சேறு, மணல் எல்லாம் போனாலும் வேலை செய்ய வேண்டும் என்று தாராளமாகக் குடைந்திருப்பார்கள். ஃபுல் லெங்த் டையில் போட்டால் ஷோல்டர் கன்னாபின்னாவென்று பின்னால் போய், மூன்று நான்கு வெடியில் கேஸ் பிரிந்துவிடும். கழுத்தை மட்டும் சுருக்கினால் உடல் அந்த ரைஃபிளின் சேம்பர் வடிவத்திலேயே இருக்கும், இழுபடாது. தம்பிக்கு ரேஞ்சில் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை.

#6 மிச்சிகன் மலர்

ஐயா, .303-க்கு நீங்கள் செய்வது முழுக்கச் சரி. அதற்கு அடியில் விளிம்பு உண்டு, தோட்டா விளிம்பில் நிற்கிறது, ஷோல்டரில் நிற்பதில்லை. ஷோல்டருக்கு முன்னால் எவ்வளவு இடம் விட்டாலும் கோ, நோ-கோ போன்ற ஹெட்ஸ்பேஸ் கேஜ் அதைக் காட்டாது. அங்கே கழுத்தை மட்டும் சைஸ் செய்வது கேஸைக் காப்பாற்றும்.

.308-க்கு விளிம்பு கிடையாது, எல்லாமே ஷோல்டரைப் பொறுத்தது. கழுத்தை மட்டும் சுருக்கிச் சுட்டால் முதல் சில முறை நன்றாகத்தான் இருக்கும். பிறகு உடலும் ஷோல்டரும் சேம்பரை நிறைத்துவிடும், போல்ட் இறுகும், ஒரு கட்டத்தில் எப்படியும் ஃபுல் லெங்த் டைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நான் எஃப்-டிஆர் என்ற தொலைதூர ரைஃபிள் போட்டிகளில் சுடுகிறேன், அங்கே .308, .223 இரண்டுக்கும்தான் அனுமதி. என் பக்கத்துப் பாயில் படுத்துச் சுடுகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒவ்வொரு முறையும் ஃபுல் லெங்த் சைஸ்தான் செய்கிறார்கள், ஷோல்டரை ஒன்று இரண்டு தவு மட்டும் தள்ளி. (தவு என்று எழுதுவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இறுகிய போல்டைக் கையால் அழுத்தி மூடும்போது ரைஃபிள் பையின் மேல் அசைந்துவிடும். அந்த அசைவில் போகிற துல்லியத்தை எந்த நெக் சைஸிங்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வேட்டையில் இன்னும் மோசம். மான் நிற்கும்போது போல்ட் மூடாமல் போனால் என்ன செய்வது?

#7 டெக்சாஸ்காரன்

அக்கா, அளந்துவிட்டேன். சுட்ட கேஸ் 1.631. ரீசைஸ் செய்தது 1.622. ஒன்பது தவு!

உடனே டையை அரைச் சுற்று மேலே ஏற்றி, இன்னொரு சுட்ட கேஸை ஓட்டினேன். அது 1.634 காட்டுகிறது. சுட்டதைவிட நீளமாக! திரும்பத் திரும்ப அளந்தும் அதே எண். அந்த கேஸைப் போட்டால் போல்ட் கைப்பிடி பாதி இறங்கி நின்றுவிடுகிறது. சுருக்குகிற டை எப்படி நீளமாக்கும்?

#8 பட்டறை அண்ணாச்சி

சரியாகத்தான் அளந்திருக்கிறாய். பலர் குழம்புகிற இடமே இதுதான்.

கேஸ் டைக்குள் போகும்போது முதலில் உடலின் பக்கச் சுவர்தான் அழுத்தப்படுகிறது. பக்கவாட்டில் நசுங்கிய பித்தளைக்குப் போக வேறு இடமில்லை, மேல்நோக்கி நகரும், ஷோல்டரும் கூடவே முன்னால் ஏறும். இன்னும் உள்ளே தள்ளினால்தான் டையின் ஷோல்டர் வந்து கேஸின் ஷோல்டரைத் தொட்டு, ஏறியதைத் திரும்பக் கீழே அழுத்தும். நீ அரைச் சுற்று ஏற்றியதால் முதல் வேலை மட்டும் நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. பாதி இறக்கிய டை பாதி வேலை செய்யும் என்று நினைத்துக் கையில் வந்தபடி ஏற்றி வைத்தால் இதுதான் கதி.

இனி கணக்கு. இந்த டைகளின் திருகு ஏழு எட்டில் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. ஒரு முழுச் சுற்று 71 தவுக்குக் கொஞ்சம் மேல். டையின் தலையில் கடிகார முகப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நிமிடக் கோடு ஒன்றேகால் தவுக்குச் சற்றுக் குறைவு. நீ தேடுகிற இரண்டு தவு, இரண்டு நிமிடக் கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகினால் எப்படி அகப்படும்? மார்க்கர் பேனாவால் டையிலும் பிரஸ்ஸிலும் ஒரே கோடு போட்டுக்கொள். அரைச் சுற்று மேலே இருக்கும் நிலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு இறக்கத்துக்கும் எண்ணெய் பூசிய கேஸ் ஒன்றை ஓட்டி அள. 1.634, 1.633 என்று மெதுவாகக் குறையும். 1.629 வந்ததும் நிறுத்து.

திருகுகிற கணக்கும் கேலிப்பரில் தெரிகிற கணக்கும் அச்சாக ஒத்துப்போகாது. அழுத்தத்தில் பிரஸ்ஸே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதனால் கேலிப்பர் சொல்வதை நம்பு.

போல்டில் இருந்து ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் கழற்றிவிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. வெறும் போல்டின் கைப்பிடி தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். சுட்ட கேஸில் நடுவழியில் நின்றால், சைஸ் செய்ததில் விழுந்தால், அந்த இடம்தான் உன் அளவு. திருகிக்கொண்டே இருக்கப் பிடிக்கவில்லை என்றால் ரெட்டிங் நிறுவனம் இரண்டிலிருந்து பத்து தவு வரை உயரம் கூடிய ஐந்து ஷெல் ஹோல்டர்களை ஒரு செட்டாக விற்கிறது. டையை அப்படியே முட்ட வைத்துவிட்டு ஹோல்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

#9 அரிசோனா வெயில்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றும் செமி-ஆட்டோ, ஏஆர்-15, .223. ரேஞ்சில் பொறுக்கிய கேஸ்தான் அதிகம். எனக்கும் அதே இரண்டு தவு போதுமா?

#10 மிச்சிகன் மலர்

போதாது. செமி-ஆட்டோவில் மூன்று நான்கு தவு தள்ளுங்கள். போல்ட் ஆக்‌ஷனில் இறுக்கம் கைக்குத் தெரியும், நிறுத்திவிடலாம். செமி-ஆட்டோவில் ஸ்பிரிங்தான் மூடுகிறது, அதற்குக் கை உணர்வு கிடையாது. கேஸ் முழுவதும் உட்காராமல், போல்ட் சரியாகப் பூட்டாமல் நிற்பது நல்லதில்லை. ஆயுளில் ஒன்றிரண்டு சுடுகள் போனாலும் நம்பிக்கையாக உட்கார வேண்டும்.

பொறுக்கிய கேஸ் எந்த எந்த ரைஃபிளில் சுட்டதோ தெரியாது. அதனால் "என் சேம்பர் அளவு" என்ற கணக்கை முதல் முறை அதில் பார்க்க முடியாது. முழுதாகச் சைஸ் செய்து, சேம்பர் வடிவில் குடைந்த கேஸ் கேஜில் ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் கேஜில் இறங்காமல் நின்றால் அடிப்பக்கத்தை இன்னும் சுருக்கும் ஸ்மால் பேஸ் டை தேவைப்படலாம். ராணுவ கேஸ் என்றால் பிரைமர் ஓட்டையில் கிரிம்ப் (பிரைமரைப் பிடிக்க நெரித்த விளிம்பு) இருக்கும், அதை நீக்காமல் புதுப் பிரைமரை அழுத்தாதீர்கள்.

சைஸ் செய்த பிறகு மொத்த நீளத்தையும் அளக்க வேண்டும். .223-க்கு உச்சம் 1.760, வெட்டும் அளவு 1.750. .308-க்கு 2.015, 2.005. வாய் நீண்டுபோய் சேம்பரின் முனையில் முட்டினால் குண்டை நெரித்துப் பிடிக்கும், அழுத்தம் எகிறும்.

#11 உலோகத்துக்காரர்

நான் தொழில்முறையில் செம்புக் கலவைகளோடு புழங்குகிறவன், அந்தக் கோணத்தில் ஒன்று சேர்க்கிறேன்.

தோட்டா உறைப் பித்தளை 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். இந்தக் கலவையின் குணம், குளிர்நிலையில் அடிக்க அடிக்கக் கடினமாகும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போலத்தான். சுடும்போது விரிவதும், டையில் சுருங்குவதும் ஒவ்வொரு சுற்றும் கழுத்தையும் ஷோல்டரையும் கடினமாக்கும். கடினமானது அழுத்தி விட்டதும் கொஞ்சம் திரும்பி வரும். அதனால்தான் டை அமைப்பை மாற்றாமலே நாளாக நாளாக ஷோல்டர் சரியாகப் பின்னால் போகாமல் இருக்கிறது, கேஸுக்குக் கேஸ் அளவும் மாறுகிறது. டையைக் குறை சொல்வதற்கு முன் கழுத்தை அனீல் செய்யுங்கள், அதாவது சூடாக்கி மிருதுவாக்குங்கள். கழுத்தும் ஷோல்டரும் 750 டிகிரி ஃபாரன்ஹீட் வாக்கில் சூடானால் போதும், அதற்கென்று வெப்பம் காட்டும் பூச்சு கிடைக்கிறது. அடிப்பாகம் சூடாகவே கூடாது. அது மிருதுவானால் அழுத்தத்தைத் தாங்காது, அந்த கேஸ் குப்பைக்குத்தான். தண்ணீரில் போட்டு அணைப்பது எஃகைப் போல எதையும் கடினமாக்காது, சூடு கீழே இறங்காமல் தடுக்கும், அவ்வளவே. செய்வதற்கு முன் பிரைமர் எடுத்த வெற்று கேஸ்தானா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள்.

இன்னொன்று. கேஸைப் பளபளப்பாக்க அம்மோனியா கலந்த பாலிஷ் எதையும் தொடாதீர்கள். இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு, அதுவும் நம் பக்கத்தில் நடந்தது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால், குண்டை இறுக்கிப் பிடித்திருந்த கழுத்தில் விரிசல். ஒரு காலத்துக்கு மட்டும் வருகிறதே என்று "பருவ விரிசல்" என்றே பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்தில் இருந்து எழுந்த அம்மோனியாவும், இழுத்து வடித்த பித்தளைக்குள் தங்கியிருந்த இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1920களின் தொடக்கத்தில்தான் விளங்கியது. அனீல் செய்து அந்த இழுவிசையைத் தளர்த்தியதும் விரிசல் நின்றது. இன்றும் ராணுவ கேஸின் கழுத்தில் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு சாயல் தெரியும், அது அனீல் செய்த தடம். நம் மேசையில் ரீசைஸ் செய்த கேஸிலும் அதே இழுவிசை இருக்கிறது, அம்மோனியாவும் அதே அம்மோனியாதான்.

#12 கொங்கு நாடு

கோவையிலிருந்து படிக்கிறேன். ரைஃபிள் கிளப்பில் சுடுகிறேன், உரிமம் இருக்கிறது. இங்கே வீட்டில் இப்படிச் செய்ய முடியுமா?

#13 நெறியாளர்

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் தோட்டா தயாரிக்கும் உரிமம் ஆகாது. இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-இன்படி தயாரிப்புக்குத் தனி உரிமம் வேண்டும், இல்லாமல் செய்வது குற்றம். வேண்டாம். இந்த இழையில் பேசுவது அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்புகிறவர்களைப் பற்றி. அங்கேயும் விற்பதாக இருந்தால் கூட்டரசு உரிமம் எடுத்தாக வேண்டும். மற்ற நாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#14 டெக்சாஸ்காரன்

அண்ணாச்சி, 1.629-இல் நின்றுவிட்டேன். கழற்றிய போல்ட் தானாக விழுகிறது. புது லாட் கேஸ்களை இனி இந்த அளவில் ஓட்டப் போகிறேன். இரண்டு சந்தேகம் பாக்கி. சில கேஸ் 1.629, சில 1.631 என்று தள்ளாடுகிறது. அப்புறம், சில ஷோல்டரில் சின்னச் சின்னக் குழி விழுகிறது.

#15 பட்டறை அண்ணாச்சி

குழி, எண்ணெய் அதிகமானதால். பூசிய எண்ணெய் ஷோல்டரில் தேங்கி, போக வழியில்லாமல் பித்தளையை அமுக்குகிறது. சின்னக் குழிகள் அடுத்த வெடியில் நிமிர்ந்துவிடும், பயப்படாதே. உடலில் மட்டும் லேசாகத் தடவு, ஷோல்டரில் வேண்டாம், கழுத்தின் உள்பக்கம் ஒரு பிரஷ்ஷால் தொட்டு விடு. உள்ளே காய்ந்து கிடந்தால் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் பந்து வெளியே வரும்போது கிறீச்சென்று சத்தம் கேட்கும். அப்படிப் பிடித்து இழுக்கும்போது ஷோல்டரும் கூடவே முன்னால் இழுபடும். நீ பார்க்கிற தள்ளாட்டத்தில் பாதி அதுவாக இருக்கலாம்.

அதற்காக எண்ணெயே இல்லாமல் ஓட்டிவிடாதே. கேஸ் டைக்குள் சிக்கினால், அடியில் துளைபோட்டு, மரை வெட்டி, திருகாணி திருகி இழுக்க வேண்டி வரும். நான் லானோலினை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளிக்கிறேன். ஆல்கஹால் முழுவதும் ஆவியாகும் வரை காத்திருந்துதான் ஓட்டுவேன். முடிந்ததும் துடைத்துவிடு. எண்ணெய்ப் பசை உள்ள கேஸ் சேம்பரைப் பிடிக்காது, போல்டின் மேல் பாரம் கூடும்.

மீதித் தள்ளாட்டத்துக்கு, பிரஸ்ஸில் கேஸைத் தூக்கும் ராமை மேலே தூக்கியதும் சட்டென்று இறக்காமல் ஓரிரு விநாடி அப்படியே நிறுத்து. பித்தளை அந்த நேரத்தில் அடங்கும். ஒரே சீராக வரும்.

கடைசியாக, டையைப் பிரஸ்ஸில் அசையாமல் பிடிக்கும் பூட்டு வளையம். கேஸ் டைக்குள் இருக்கும்போதே, ராம் முழுவதும் மேலே இருக்கும்போதே வளையத்தை இறுக்கு. காலியாக வைத்து இறுக்கினால் மரைக்குள் டை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், நீ பிடித்த 1.629-ம் நகர்ந்துவிடும். இறுக்கிய பிறகு இன்னொரு கேஸை ஓட்டி அளந்து, எண்ணை டைப் பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டிவிடு.